பத்துக் கம்பளியும் ஒண்ணொண்ணா அண்ணனும்

பதுளை மாவட்டத்தில் கம்ப்யூட்டர் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால், கம்ப்யூட்டர் தன் கண்முன்னால் செத்து விழும்வரை ஓர் ஆணியைக்கூடக் கழற்ற மாட்டேன் என்று பால் விடாத பிளேன்டீயும் கையுமாக உட்கார்ந்திருக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் ஒண்ணொண்ணா அண்ணன்.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அடையாள அட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய மாடி அறைக்கு வழி கேட்டால், "ஒண்ணொண்ணாவா? மேல போங்க. இன்னைக்கே முடியும்னு மட்டும் நெனச்சிக்கிட்டுப் போகாதீங்க" என்றுதான் கீழே இருப்பவர்கள் சொல்வார்கள்.

பெயர் வந்த கதை சின்னது. எந்தக் கம்ப்யூட்டரானாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமானைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டுக் காத்திருப்பார். சரிவராவிட்டால் அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார். மற்றக் கடைகளில் மூன்று சாமான்களை ஒரேயடியாக மாற்றி, திரையில் வெளிச்சம் வந்ததும் கையைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்கு அது ஆகாது. "ஓடுது, சரி. எதனால ஓடுது?" என்று கேட்பார். கேள்விக்குப் பதில் இல்லையென்றால், ஓடுகிற கம்ப்யூட்டரைக்கூட அவர் வெளியே விடமாட்டார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சோப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் பஞ்சு மெத்தையில் ராம் என்கிற நினைவக அட்டை ஒன்று படுத்திருக்கும். "இது நல்லதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும் டீச்சர். நிச்சயமா நல்லதுன்னு தெரிஞ்ச சாமான் ஒண்ணு கையில இருந்தாப் போதும். மத்ததோட யோக்கியதையை எல்லாம் அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம்" என்று டீச்சரான என்னிடம் சொல்வார். பஸ் குலுக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். பசறை பஸ் கண்டக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எந்த ஓடையில் குளிக்கப் போகிறார் என்று விசாரித்ததும் உண்டு.

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை அண்ணனுக்கு வயிற்றுவலி. வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போவார்கள். இவர் ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு என்று நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார். முதல் நாள் ரொட்டி, இரண்டாம் நாள் பருப்பு, மூன்றாம் நாள் கத்தரிக்காய். ஒன்பதாம் நாள் மாசிக் கருவாட்டில் இடிக்கும் மாசிச் சம்பலை நிறுத்தினார், வலியும் நின்றது. அத்தோடு விட்டாரா? பத்தாம் நாள் இரண்டு கரண்டி மாசிச் சம்பலைப் போட்டு மறுபடி சாப்பிட்டார்.

"வலிச்சுதா அண்ணே?"

"பயங்கரமா வலிச்சுச்சு டீச்சர். அதுக்கப்புறந்தான் மனசு நிம்மதியாச்சு."

வாரப் பத்திரிகையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நான்கு பக்கம், முன் அட்டையிலிருந்து வரிசையாக. ஒரு வாரத்துக்குள் ஓர் இதழ் முடியாது. அடுத்த இதழ் வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இப்படியே போய், அண்ணன் எப்போதும் உலகத்துக்கு மூன்று மாதம் பின்னால்தான் நடந்துகொண்டிருப்பார். தீபாவளிப் பலகாரக் குறிப்புகளைத் தைப்பொங்கல் தாண்டிப் படித்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறார்.

பதுளையில் ஒரு துணிக்கடை. அங்கே பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நின்றுவிடும். அண்ணன் போனார். பெட்டியைத் திறப்பதற்கு முன் கொல்லைப்புறத்துக்குப் போய் இரும்புத் தண்ணீர்ப் பைப்பை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தார். எழுந்து நடந்துவிட்டு வந்தால் மறுபடியும் போய்த் தொட்டார். முதலாளி இதையே கவனித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து கடைப் பிள்ளைகள் அத்தனை பேரும் காலையில் வரிசையில் நின்று பைப்பைத் தொட்டுவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும் என்று உத்தரவு. ஒரு வாரத்தில் பைப்புக்குக் குங்குமப் பொட்டும் வந்துவிட்டது.

"நீங்க வெளக்கிச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"சொன்னேனே. நம்ம ஒடம்புல மின்சாரம் சேந்திருக்கும் முதலாளி, அது அட்டையைக் கொன்னுரும், அதான் பைப்புல எறக்கிவிடுறேன்னு சொன்னேன். அவரு அதைக் கேட்டுட்டுப் பைப்பை இன்னும் நல்லாக் கும்பிட ஆரம்பிச்சிட்டாரு."

சரி, நான் அவரிடம் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். அவர் என்னிடம் மாட்டிக்கொண்ட கதை என்றும் சொல்லலாம்.

அப்போது நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கம்ப்யூட்டர் டீச்சர். அந்தப் பாடசாலைக்குப் பத்து பழைய கம்ப்யூட்டர்கள் கிடைப்பதற்கு நான் இரண்டு வருடம் நடையாய் நடந்திருக்கிறேன். அவை வந்து, ஓர் அறைக்கு வெள்ளை அடித்து, முதல் முறையாகப் பதினொரு பிள்ளைகள் ஓ.எல். என்கிற பொதுப் பரீட்சைக்கு அந்தப் பாடத்தை எடுத்திருந்தார்கள். பதினொன்றும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தப் பத்துப் பெட்டிகளை விட்டால் அவர்களுக்கு வேறு பெட்டி இல்லை.

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பெட்டிகள் விழ ஆரம்பித்தன. காலையில் நல்ல பிள்ளையாக ஓடும். மூன்றாம் பாடம் வரும்போது ஒன்று பட்டென்று அணையும். அடுத்தது, அதற்கடுத்தது. இடைவேளை மணி அடிக்கும்போது அறையே இருண்டு கிடக்கும்.

அதிபர் ஐயா நல்ல மனிதர். அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "இங்க அடிக்கிற குளிருக்கு மனுஷனே வெறைச்சுப் போறான். அதுக பாவம், கொழும்புச் சூட்டுல இருந்து வந்ததுக" என்றார். அன்றே பத்துக் கம்பளிகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மழைக்கும் பனிக்கும் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் தலையில் போட்டுக்கொண்டு போவார்களே, அதே கறுப்புக் கம்பளி. பத்துப் பெட்டியும் கம்பளி போர்த்திக்கொண்டு, கூடையை மாட்டிவிட்டால் மலைக்குப் புறப்பட்டுவிடும் என்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. இப்போது அவை இரண்டாம் பாடத்திலேயே விழுந்தன. "குளிர் கூடிப்போச்சு" என்றார் அதிபர்.

அந்த நேரம் பார்த்து வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். இயந்திரங்கள் இயங்காவிட்டால் அவை டவுனில் தேவையுள்ள இன்னொரு பாடசாலைக்கு மாற்றப்படும். கடிதத்தைப் படித்துவிட்டு நான் அந்தப் பதினொரு முகத்தையும் பார்க்க முடியாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. மறுநாள் காலை பதுளைக்கு பஸ் ஏறிப் போய், அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தேன். அது புதன்கிழமை.

கம்பளிகளைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கோயில் கட்டலாம். "இது எப்பயிருந்து?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரே ஒரு பெட்டியின் கம்பளியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்து என்ன அண்ணே?"

"அடுத்து பிளேன்டீ."

ஒன்பது பெட்டி வழக்கம்போல விழுந்தன. கம்பளி இல்லாத பெட்டி மட்டும் இருபது நிமிடம் கூடுதலாக ஓடிவிட்டு விழுந்தது. அண்ணன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் "20" என்று எழுதிக்கொண்டார். புதன்கிழமை வேலை அவ்வளவுதான். ஒரு கம்பளி.

வியாழக்கிழமை அவர் பாடசாலைப் பைப்பைத் தொட்டுவிட்டு வந்து, சோப்புப் பெட்டியைத் திறந்தார். அதே பெட்டியில் நல்ல அட்டையைப் போட்டார். விழுந்தது. அட்டையை எடுத்துவிட்டு, மின்சாரம் கொடுக்கும் சப்ளையை மாற்றினார். அதுவும் விழுந்தது. சூடுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று டார்ச் அடித்து உள்ளே இருக்கும் விசிறியைப் பார்த்தார்.

"விசிறி சுத்துது. பளபளன்னு வேற இருக்கு."

"நான் ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால தொடைக்கிறேன்ல" என்றேன் பெருமையாக.

மணி இரண்டாகிவிட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, திங்கக்கிழமை ஆள் வர்றாங்க. இருக்கிற எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திருங்களேன்!"

"மாத்தினா, எது கோளாறுன்னு தெரியாதே."

"தெரிய வேணாம்! ஓடினாப் போதும்!"

அவர் டார்ச்சை அணைத்துப் பக்கத்தில் வைத்தார். "திங்கக்கிழமை ஓடும் டீச்சர். பரீட்சைக்கு மொத வாரம் மறுபடி விழுந்தா, யாரு மேல பழி போடுவீங்க? அந்தப் பதினோரு பிள்ளைங்களும் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கும். காரணம் தெரியாம எந்திரிச்சது எல்லாம், காரணம் தெரியாமத்தான் விழும்."

எனக்குக் கோபம் தணியவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் கோபம் கூடத்தான் செய்தது. அன்று அவருக்குப் பிளேன்டீயில் சீனி போடாமல் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் அறையில் வெள்ளிக்கிழமை தோறும் பூஜை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றுவோம். பாடசாலைக்குப் பக்கத்திலேயே பிள்ளை மடுவம், தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிற மாரியம்மா அக்கா, மடுவத்து அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் பால்மா டின்னில் போட்டுக்கொண்டு வருவார். பதினொரு பிள்ளைகளின் அம்மாமாரும் முறை வைத்துச் சாம்பிராணி வாங்கித் தருவார்கள். அக்கா படத்துக்குக் காட்டிவிட்டு, பத்துப் பெட்டிக்கும் காட்டுவார். அருள் உள்ளே போகவேண்டும் என்பதற்காகப் பெட்டிகளின் பக்கத் தகட்டை நான்தான் கழற்றி வைப்பேன். படித்துப் பட்டம் பெற்ற நான்தான்.

அன்றும் அப்படியே. அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்கு முன்னால் அக்கா டின்னைப் பிடித்தார்.

"அக்கா, அசையாதீங்க!"

அண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா பயந்து சிலையாக நின்றுவிட்டார். அண்ணன் வந்து மண்டி போட்டார்.

"டீச்சர், இங்க வாங்க. பொகை எங்க போவுதுன்னு பாருங்க."

பார்த்தேன். விசிறி சுற்றியது. புகை விசிறிவரை போனது. விசிறிக்குக் கீழே இறங்கவேண்டிய புகை இறங்கவில்லை. ஓரமாகச் சுருண்டு, வந்த வழியே திரும்பி என் முகத்துக்கு வந்தது.

"விசிறி ஊதுது. காத்து போறதுக்குத்தான் வழியில்ல" என்றார். பெட்டியை அணைத்து, விசிறியைக் கழற்றினார். விசிறிக்குக் கீழே, சூட்டை இறக்குவதற்காகச் சீப்புப் பல்லைப் போல வரிசையாக உலோகத் தகடுகள் இருக்கவேண்டும். தகட்டையே காணோம். கறுப்பாக, தடிப்பாக, ஒரு கம்பளி இருந்தது.

பாடசாலைக்குக் கீழே தேயிலை ஃபேக்டரி. தேயிலையை அரைத்துச் சலிக்கும்போது கிளம்புகிற மெல்லிய பஞ்சு காற்றோடு ஏறி வந்து எங்கள் ஜன்னல் கம்பியெல்லாம் படியும். அந்தப் பஞ்சு உள்ளே போயிருக்கிறது. சும்மா போயிருந்தால் விசிறிக் காற்றில் பாதி பறந்திருக்கும். வாரா வாரம் நாங்கள் காட்டிய சாம்பிராணிப் புகை தகடுகளில் பிசினாகப் படிந்து, பஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டது. அதற்கு மேலே அதிபரின் கம்பளி. விசிறியை மட்டும் நான் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்ததால், கீழே இருந்தது அண்ணனுடைய டார்ச்சுக்குக்கூடத் தெரியவில்லை. பிள்ளைகளைப் போலப் பார்த்த என் பத்துப் பெட்டிகளுக்கும் மூச்சை அடைத்தவள் நான்தான்.

அண்ணன் அந்த ஒரு பெட்டியை மட்டும் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். மற்ற ஒன்பதையும் தொடவில்லை. ஒன்பதும் விழுந்தன. அது மட்டும் பள்ளிக்கூடம் விடும்வரை ஓடியது. "இப்பத் தெரியும்" என்றார். சனியும் ஞாயிறும் அவர், நான், மாரியம்மா அக்கா மூன்று பேரும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு உட்கார்ந்தோம். பஞ்சு எதனால் ஒட்டிக்கொண்டது என்று அக்காவுக்கு அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். நான் யாருக்கும் தெரியாமல் போய்ப் பைப்பைத் தொட்டுவிட்டு வந்துதான் பெட்டிகளைப் போட்டேன். முதல் பாடம், இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம். பதினொரு பிள்ளைகளும் மாறி மாறித் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இடைவேளை மணி அடித்தது. பத்தும் ஓடிக்கொண்டிருந்தன.

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "அப்ப என்னதான் கோளாறு?"

அதிபர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாசலில், பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மாரியம்மா அக்கா நின்றிருந்தார். வலயத்துக்கு இது எழுத்தில் போனால் எங்கள் மூன்று பேர் கதையும் மாவட்டம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும். அண்ணனோ, காரணம் கேட்டால் மாசிச் சம்பலைக்கூட மறைக்காதவர்.

"பஞ்சுங்க ஐயா. ஃபேக்டரித் தேயிலைப் பஞ்சு" என்றார் அண்ணன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். ஜன்னல்களுக்கு வலை அடிக்கச் சொன்னார். தோட்டத்தை நடத்தும் துரைக்கு விஷயம் போய், அடுத்த வாரமே வலையும் வந்துவிட்டது. பெட்டிகள் எங்களோடு தங்கிவிட்டன. பதினொரு பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள்.

அன்று பின்னேரம் அண்ணனை பஸ்ஸுக்கு விடப் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏண்ணே கம்பளி, சாம்பிராணி, மத்த ரெண்டையும் சொல்லல?"

"மூணு காரணம் இருந்துச்சு டீச்சர். நான் ஒண்ணு சொன்னேன். ஒண்ணொண்ணாத்தானே சொல்லணும்?"

"அப்ப மத்தது?"

"கேக்கட்டும். கேட்டா அடுத்ததைச் சொல்லுவேன்." சோப்புப் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அந்த அக்கா தணலை ஊதி ஊதி எடுத்துக்கிட்டு வர்றாங்க. அதனாலதான் கெட்டுச்சுன்னு ஆபீசர் முன்னால சொன்னா, இனி அந்த ரூம் பக்கம் வருவாங்களா? வாசல்ல நின்னு காட்டச் சொல்லிட்டேன். வாசம் உள்ளயும் வரும்னு சொன்னேன்."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். மற்ற இரண்டையும் யாரும் கேட்கவில்லை. அவரும் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் வேறு பாடசாலையில் இருக்கிறேன். அதிபர் ஐயா ஓய்வு பெற்றுவிட்டார்; கம்பளி விஷயத்தை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க, ஆனா அன்னைக்கு நெசமாவே குளிருன்னும் சேத்து எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். மாரியம்மா அக்காவிடம் போன மாதம்தான் உண்மையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அந்தத் தம்பி அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டா என்னைய வாசல்ல நிக்க வச்சிச்சு?" என்று கேட்டார். பிறகு, "நல்ல புள்ள" என்றார்.

ஆகவே மற்ற இரண்டையும் நானே சொல்லிவிட்டேன். அண்ணன் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் வீதம் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர எப்படியும் மூன்று மாதம் ஆகும். பதுளையில் இருக்கும் வாசகர்கள் தயவு செய்து மாடி ஏறிப்போய் முந்திச் சொல்லிவிடாதீர்கள். அவர் தன் வரிசையிலேயே வரட்டும். நீங்க மெதுவா வாங்க அண்ணே, நான் காத்துக்கிட்டு இருக்கேன்.